துணைக்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

கருவைக் கலைப்பது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. அதைப் பேசத் திண்ணையில் ஆள் நிறைய உண்டு. ஒரு பெண் முடிவெடுத்துவிட்டாள், "கூட வர்றீங்களாக்கா?" என்று உங்களைக் கேட்கிறாள், நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

திருவாரூர், மன்னார்குடிச் சுற்றுவட்டாரத்துத் துணை சுகாதார நிலையங்களில் 1988 முதல் 2022 வரை கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். சைக்கிளில் ஆரம்பித்து ஸ்கூட்டியில் முடித்தேன். ஊரில் எனக்கு நர்ஸம்மா என்று பேர். சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, தடுப்பூசி போடுவது என் வேலை. கருக்கலைப்பு செய்ய எனக்கு அனுமதியும் இல்லை, பயிற்சியும் இல்லை. துணைக்குப் போயிருக்கிறேன். எத்தனை தடவை என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

முதல் வேலை: நாளை எண்ணுங்கள்

சம்பா நடவு நேரம். முழங்காலில் சேறு காயாமல் ஒரு பெண் வந்து நிலையத்து வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே வரச் சொன்னால், "தரை அழுக்காயிடும், இருக்கட்டும்" என்றாள். கார்டு டெஸ்டில் இரண்டு கோடு. எத்தனை நாள் என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம் இருக்குங்க."

இந்தப் பதிலை நம்பி எதுவும் செய்யாதீர்கள். ரெண்டு மாசம் என்றால் நாள் தள்ளிப்போய் ரெண்டு மாசமா, கடைசியாகத் தலைக்குக் குளித்து ரெண்டு மாசமா? இரண்டுக்கும் நாலு வாரம் வித்தியாசம். அந்த நாலு வாரத்தில் மாத்திரையோடு முடிய வேண்டியது ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போய்விடும். டாக்டர்கள் கணக்குப் போடுவது கடைசி மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து. குளித்த நாளும் இல்லை, தள்ளிப்போன நாளும் இல்லை.

தேதி கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். ரேஷனில் சர்க்கரை போட்ட நாளா, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டின நாளா, நாற்று விட்ட நாளா? அந்தப் பெண் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆடிப்பெருக்கு அன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. எல்லாரும் காப்பரிசி எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போறாங்க, நான் மட்டும் கொல்லையில உக்காந்திருந்தேன்." போதும். தினக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து எண்ணினோம். ஆகஸ்ட் 3-லிருந்து அன்றைக்கு, செப்டம்பர் 28-க்கு, 56 நாள். எட்டு வாரம் நிறைந்துவிட்டது. ஒன்பது வாரத்துக்கு ஏழு நாள் கையில் இருந்தது. அவள் நடவை முடித்துவிட்டு அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனோம்.

ஆகவே மனதில் வைக்க வேண்டிய நாட்கள் இவை. 63 நாள் வரை, அதாவது ஒன்பது வாரம் வரை, மாத்திரை. அதைத் தாண்டி முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுக்கும் முறை. சில நிமிஷ வேலை. ஊரில் எல்லாவற்றுக்கும் 'டி.என்.சி' என்றே பேர். கரண்டி விட்டுச் சுரண்டும் அந்தப் பழைய முறை இப்போது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியாகிவிட்டது. எந்த முறையில் செய்யப்போகிறார்கள் என்று டாக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை. 140 நாள் இருபது வாரம். 168 நாள் இருபத்துநாலு வாரம். இந்த இரண்டும் சட்டம் போட்ட வரப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கையெழுத்து யாருடையது

இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1991 என்று ஞாபகம். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தாய், நாலாவதாக உண்டாகியிருந்தாள். புருஷன் வெளியூரில், வருவதும் போவதும் தெரியாது. என்னிடம் வந்து கேட்டாள். நான், "உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா, அவர் கையெழுத்துப் போட்டாத்தான் ஆஸ்பத்திரியில எடுப்பாங்க" என்றேன். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்பது எனக்கு அன்று தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் தெரியாது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து டிராக்டர் டிரெய்லரில் வைக்கோலைப் போட்டு, அதன் மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கலைக்க வைத்த எருக்கங்குச்சி. காய்ச்சல் கொதித்தது, வயிறு பலகை மாதிரி இருந்தது, கிட்டே போனால் வாடை. கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். இப்போதும் இருக்கிறாள். திருவிழாவில் பார்த்தால் "சாப்டீங்களா நர்ஸம்மா?" என்று கேட்பாள். பதில் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்றிலிருந்தே பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். மனநிலை பாதிக்கப்பட்டவருக்கும் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கும்தான் பாதுகாவலர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். கணவன், மாமியார், அண்ணன் யாரும் அந்தப் படிவத்தில் இல்லை. 'படிவம் சி' என்று அதற்குப் பேர். ஒரே ஒரு கையெழுத்து, அல்லது கைநாட்டு. என்னைக் கேட்காமல் மனைவி கலைத்துவிட்டாள், நஷ்டஈடு வேண்டும் என்று ஒரு கணவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2017-ல் தள்ளுபடி செய்து அனுப்பிவிட்டார்கள்.

இருந்தும் கேட்பார்கள். நான் துணைக்குப் போன ஒரு தனியார் நர்சிங் ஹோமில், பணம் கட்டி, வெறும் வயிற்றோடு உட்காரவைத்த பிறகு, "ஹஸ்பெண்ட் சைன் வேணும்" என்றார்கள். அப்போது எனக்குச் சட்டம் தெரியும். சண்டை போடவில்லை. "படிவம் சி-யில எந்த இடத்துல அந்தக் கையெழுத்து வருதுன்னு காட்டுங்கம்மா, போட்டுடலாம்" என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போய்விட்டு வந்தாள். அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நீங்களும் இதையே சொல்லுங்கள். குரலை உயர்த்தாமல் கேட்டால்தான் இது வேலை செய்யும்.

இன்னொரு தொல்லை, "குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிறேன்னு எழுதிக் கொடுத்தாத்தான் கலைப்போம்" என்பது. இதுவும் சட்டத்தில் இல்லை. அவளுக்கு ஆபரேஷன் வேண்டுமென்றால் செய்துகொள்ளட்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பிடுங்குவது வேறு. எங்கள் துறை பல வருஷம் இலக்கு இலக்கு என்று ஓடியதன் மிச்சம் அது. அந்த ஓட்டத்தில் நானும் ஓடியவள்தான்.

சட்டம் எது வரை வரும்

போஸ்டர் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிச் சுவரில் 'பெண் சிசுவைக் கருவில் அழிப்பது குற்றம்' என்று எழுதியிருப்பதைக் 'கருவை அழிப்பது குற்றம்' என்று படித்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு சட்டம். ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்ப்பதும், கேட்பதும், சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம். அது சேலம், தர்மபுரி, உசிலம்பட்டி என்று பெண் சிசுக்கொலை பேசப்பட்ட காலத்தின் சட்டம். கருக்கலைப்புக்கு உள்ளது 1971 சட்டம். இந்தக் குழப்பத்தால் டாக்டர்களே பலர் மூன்றாம் மாதத்துக்கு மேல் வந்தவளைப் பார்த்தால், "பெண் பிள்ளைன்னு தெரிஞ்சு வந்திருப்பாளோ" என்று கை வைக்கத் தயங்குகிறார்கள். ஸ்கேன் அறையில் விளையாட்டுக்குக்கூட என்ன பிள்ளை என்று கேட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பயம் 2022 ஜூனில் வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அங்கே இருந்த உரிமையை எடுத்துவிட்டது. இங்கே டிவியில் கீழே ஓடும் எழுத்தில் 'கருக்கலைப்பு உரிமை ரத்து' என்று வந்தது. ஒருத்தி மூச்சு வாங்க ஓடிவந்தாள், "நர்ஸம்மா, தடை போட்டுட்டாங்களாமே!" என்று. ஊர் பேர் கேட்காமல் செய்தி பார்த்தால் இப்படித்தான். அதே வருஷம் செப்டம்பர் 29-ல் நம் உச்ச நீதிமன்றம் இதற்கு நேர் எதிரான திசையில் போனது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் கல்யாணம் ஆனவளுக்கும் இந்தச் சட்டத்தில் பேதம் கூடாது என்றது. புருஷனே பலவந்தப்படுத்தியிருந்தாலும் இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அது பலாத்காரம்தான் என்றது, எஃப்.ஐ.ஆர். கொண்டு வா, நிரூபி என்று கேட்கக் கூடாது என்றது.

கணக்கு இப்படி. பழைய சட்டத்தில் பன்னிரண்டு வாரம் வரை ஒரு டாக்டர், இருபது வரை இரண்டு டாக்டர். அதற்கு மேல் தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால்தான் உண்டு. 2021-ல் திருத்தி, செப்டம்பர் 24 முதல் இருபது வாரம் வரை ஒரு டாக்டர் அபிப்பிராயம் போதும் என்று ஆக்கினார்கள். கருத்தடை தவறிவிட்டது என்ற காரணத்தைப் பழைய சட்டம் 'மணமான பெண், அவள் கணவன்' என்று எழுதியிருந்தது. அதை 'பெண், அவள் துணை' என்று மாற்றினார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் கழுத்தில் மஞ்சள் கயிறு இல்லாமல் வந்தவள் பொய் சொல்ல வேண்டியிருந்தது அதனால்தான். நான் போய் உட்கார்ந்த பெஞ்சுகளில் கடன் வாங்கின தாலிகளைப் பார்த்திருக்கிறேன்.

இருபதிலிருந்து இருபத்துநாலு வாரம் வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், காரணமும் வேண்டும். பலாத்காரத்துக்கு ஆளானவர், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர், கர்ப்பமாக இருக்கும்போதே விதவையானவர் அல்லது விவாகரத்தானவர், பெரிய உடல் ஊனம் உள்ளவர், மனநோய் உள்ளவர், கருவில் பெரிய குறை கண்டவர். அரசு அறிவித்த பேரிடரில் சிக்கினவரும் இந்தப் பட்டியலில் உண்டு. நாகப்பட்டினத்தில் சுனாமியையும் 2018 நவம்பரில் கஜாவையும் பார்த்த எங்களுக்கு அந்த வரி ஏன் என்று யாரும் விளக்க வேண்டாம். கஜா அடித்தபோது கரண்ட் இல்லை, பஸ் இல்லை, விழுந்த தென்னையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வழியும் இல்லை. ஒரு மாசம் அப்படியே போயிற்று.

இருபத்துநாலுக்கு மேல் கருவில் பெரிய குறை இருந்தால் மட்டும் மருத்துவக் குழு பார்க்கும். மனு கொடுத்த மூன்று நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும், ஐந்து நாளில் வேலை முடிய வேண்டும் என்று விதி. தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்ய வேண்டியது போக, வேறு காரணம் என்றால் நீதிமன்றம்தான். 2023 அக்டோபரில் 26 வாரம் ஆன, இரண்டு பிள்ளை பெற்ற, பிரசவத்துக்குப் பிந்திய மனநோயோடு இருந்த பெண்ணுக்கு உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. அதனால் கோர்ட்டை நம்பி நாளை விடாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். போன் 15100.

ஒன்று மட்டும் நேராகச் சொல்கிறேன். நம் சட்டத்தில் 'எனக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள்' என்பது தனியாக ஒரு காரணம் இல்லை. டாக்டர் தன் அபிப்பிராயத்தை எழுத வேண்டும். சாவி அவர் கையில். 1860 தண்டனைச் சட்டத்தின் குற்றத்துக்கு ஒரு விதிவிலக்காகத்தான் 1971 சட்டம் வந்தது. 2024-ல் தண்டனைச் சட்டத்தின் பேரை மாற்றினார்கள், அந்தக் குற்றம் 88-ம் பிரிவாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நேபாளத்தில் 2002 வரை கலைத்ததற்காகப் பெண்கள் ஜெயிலில் கிடந்தார்கள்; இப்போது பன்னிரண்டு வாரம் வரை அவள் கேட்டாலே போதும். வங்கதேசத்தில் சட்டம் பழசு, ஆனால் 1979 முதல் 'மாதவிலக்கைச் சீராக்குவது' என்று பேர் வைத்து அரசே செய்கிறது. பேரை மாற்றிக் காரியத்தை முடிக்கும் சாமர்த்தியம்! வேதாரண்யத்துக்கு அந்தாண்டை, இலங்கையில், 1883-ல் வெள்ளைக்காரன் எழுதினது இன்றும் அப்படியே: தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும். பலாத்காரத்துக்காவது தளர்த்தலாம் என்று பல தடவை பேச்செடுத்தும் நடக்கவில்லை. அங்கிருந்து தமிழில் வரும் வீடியோவைப் பார்த்துவிட்டு நம் ஊர்ச் சட்டம் என்று நினைக்காதீர்கள்.

எங்கே போவது

அரசு ஆஸ்பத்திரி. தஞ்சாவூர் என்றால் ராசா மிராசுதார், கும்பகோணம், மயிலாடுதுறை என்றால் அரசுத் தலைமை மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினம் என்றால் மருத்துவக் கல்லூரி. ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றிலும் செய்யமாட்டார்கள். பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும். முதலில் 104-க்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம். தனியார் என்றால் கருக்கலைப்புக்கு அரசு கொடுத்த அனுமதிச் சான்று கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஸ்கேன் சென்டர் சான்று வேறு, இது வேறு, நின்று படியுங்கள். சித்தா, ஹோமியோபதி படித்தவர், ஊசி போடும் கம்பவுண்டர், மருந்துக்கடைக்காரர், நான், யாருக்கும் அனுமதி இல்லை.

ஆதார் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். கருக்கலைப்புச் சட்டம் அதைக் கேட்கவில்லை, ஓ.பி. சீட்டு போடுகிறவர் கேட்பார். ஏற்கெனவே பிக்மியில், அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவில், கர்ப்பம் பதிவாகியிருந்தால் கலைக்க முடியாது என்று ஒரு வதந்தி. பதிவு செய்த கையாலேயே சொல்கிறேன், அப்படி ஒன்றும் இல்லை. பதிவேட்டில் ஒரு குறிப்பு மாறும், அவ்வளவுதான். ரத்த வகை தெரிந்தால் சொல்லிவிடுங்கள். நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். காப்பர்-டி உள்ளே இருக்கிறதா, ஆஸ்துமா மாத்திரை சாப்பிடுகிறாளா, முன்னால் சிசேரியன் ஆனதா, இதெல்லாம் பஸ்ஸிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அங்கே உங்கள் உண்மையான வேலை வாயைக் காப்பது. வராந்தாவில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, "அபார்ஷன் கேஸ் யாரும்மா?" என்று சீட்டை ஆட்டிக்கொண்டு ஒருவர் வருவார். அதற்கு முன்பே நீங்கள் போய் நர்ஸிடம் காதோடு பேசி, பேர் சொல்லி மட்டும் கூப்பிடச் சொல்லிவிட வேண்டும். அவள் விவரத்தை வெளியே சொல்லும் டாக்டருக்கு ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு என்பது 2021 திருத்தத்தில் இருக்கிறது. சேர்க்கைப் பதிவேடே ரகசிய ஆவணம். ஆனால் ஊர்க்காரர் ஒருவர் எதிரே வந்து, "என்ன இந்தப் பக்கம்?" என்றால் சட்டம் வந்து பதில் சொல்லாது. "வயித்துவலி, ஸ்கேன் எழுதியிருக்காங்க" என்று நீங்கள் சொல்லுங்கள், அவளைச் சொல்லவிடாதீர்கள். ஸ்கேன் பார்க்கும்போது திரையை அவள் பக்கம் திருப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண் என்றால் டாக்டர் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். இந்தப் பயத்தில்தான் பலர் மருத்துவச்சியிடம் போகிறார்கள். பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெண்ணின் பேரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பில் இருக்கிறது. டாக்டருக்கே இது தெரியாமல் இருக்கலாம், நீங்கள் சொல்லுங்கள். அவளுக்குத் தொந்தரவு கொடுத்தவன் வீட்டிலேயே இருக்கிறான் என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181.

மாத்திரை என்றால்

இந்தியாவில் 2015-ல் நடந்த கருக்கலைப்பு 1 கோடியே 56 லட்சம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஐந்தில் நாலு மாத்திரையால், பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே. ஆகவே கடையில் வாங்குவதே இல்லை என்று நான் கதை விடப் போவதில்லை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. கடையில் கொடுத்தால் தட்டை மட்டும் கிழித்துக் கொடுப்பார்கள், எத்தனை வாரம் என்று கேட்கமாட்டார்கள். ஒருத்திக்கு நாலே நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார்கள். முதலில் போட வேண்டிய வேறு மாத்திரை அதில் இல்லவே இல்லை. பதினாலு வாரத்தில் அதைப் போட்டுவிட்டு ஒரு வாரம் உதிரம் நிற்காமல் வந்து சேர்ந்தாள், கண்ணிமை வெள்ளைத்தாள் மாதிரி.

இரண்டு மருந்து. முதலில் ஒன்று, கருவை வளரவிடாமல் நிறுத்தும். ஒன்றிரண்டு நாள் கழித்து இரண்டாவது, கர்ப்பப்பையை இறுக்கி வெளியே தள்ளும். எவ்வளவு, எப்படி என்பதை வாரத்தைப் பார்த்து டாக்டர் எழுதுவார். முதல் மாத்திரை போட்டதும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "வேலை செய்யல போல" என்று வயலுக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது மருந்து போடும் நாளை நீங்கள் தேர்ந்தெடுங்கள்: நீங்கள் கூட இருக்கக்கூடிய நாள், கக்கூஸ் பக்கத்தில் இருக்கும் வீடு, போனில் சார்ஜ், 108 வரக்கூடிய பாதை. மழைக்காலத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெரு என்றால் அன்று உங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.

சில மணி நேரத்தில் வலி வரும். மாதவிலக்கு வலியைவிடப் பலமாக, அலை அலையாக. குளிரும், நடுங்கும், கொஞ்சம் காய்ச்சல் அடிக்கும், வயிற்றாலும் போகலாம். டாக்டர் எழுதிய வலி மாத்திரையைத் தாங்க முடியாதபோது போடலாம் என்று காத்திருக்காமல் முதலிலேயே கொடுங்கள். வெந்நீர்ப் பை வையுங்கள், இல்லையென்றால் பழைய சேலையைத் தோசைக்கல்லில் சூடு காட்டி மடித்து வையுங்கள். கட்டி கட்டியாகப் போகும், பயப்படுவாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். டிவி சீரியல் கதை போதும்.

பெரிய நாப்கின் இரண்டு ஒரு மணி நேரத்தில் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைந்தால் உடனே 108. இது ஒன்றை எழுதி ஒட்டிவைத்தாலும் சரி. மயக்கம், மறுநாளும் இறங்காத காய்ச்சல், வாடையடிக்கும் வெள்ளைப்படுதல், ஒரு பக்கம் மட்டும் குத்தும் வலி, தோள்பட்டையில் வலி, இவையும் அப்படித்தான். கடைசி இரண்டும் கரு குழாயில் தங்கியிருப்பதைக் காட்டலாம். அதை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, வெடித்தால் உயிருக்கே ஆபத்து. உதிரமே வரவில்லை என்றாலும் சும்மா இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் மாத்திரை போட்டதை மறைக்காதீர்கள். வைத்தியம் திசை தப்பிவிடும்.

எள்ளு, பப்பாளிக்காய், அன்னாசி, கருப்பட்டி பற்றியும் கேட்பார்கள். அதில் நாள்தான் போகும். அந்த நாள்தான் கையில் இல்லாதது. எருக்கு பற்றிச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு மூன்று நாள் குனிந்து நடவு வேண்டாம். சாப்பாட்டில் பத்தியம் கித்தியம் எதுவும் இல்லை. மீன், முட்டை, முருங்கைக்கீரை, வழக்கமான சோறு, கூடவே இரும்புச்சத்து மாத்திரை. உதிரம் நிற்கும் வரை குளத்திலும் வாய்க்காலிலும் இறங்கிக் குளிக்காமல் வீட்டில் குளிக்கட்டும். புருஷன் பக்கத்தில் வருவதும் அப்புறம்தான். அடுத்த மாதவிலக்கு வருவதற்கு முன்பே, இரண்டு வாரத்துக்குள்கூட, மறுபடி உண்டாகலாம் என்பதை நிறையப் பேர் நம்புவதில்லை. கருத்தடைக்குக் காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை, அவள் என்ன கேட்கிறாளோ அதை அன்றே கேட்டு வாங்குங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அழுதால் அழட்டும். அழவில்லை என்றால், "உனக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டு வைக்காதீர்கள். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வரும் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினார்கள். ஆகஸ்ட் 3-காரி நீடாமங்கலம் தாண்டியதும் பசிக்கிறது என்று சொல்லி, நிறுத்தத்தில் இறங்கியதும் மூன்று இட்லி சாப்பிட்டாள்.

பதினைந்தாம் நாள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் முழுசாகப் போய்விட்டதா என்று பார்த்தாக வேண்டும். இதைத்தான் எல்லாரும் விடுவார்கள். போகும்போது பழைய ஓ.பி. சீட்டு வேண்டும். அவள் வீட்டில் அதை வைக்க இடம் இருக்காது. அரிசி டிரம், பாய்க்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், எங்கே வைத்தாலும் யாராவது எடுத்துவிடுவார்கள். கிழித்துப் போட்டாலும் அடுத்த பிரசவத்தில் டாக்டர் கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. சீட்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே பேர் தெரியாமல் மடித்து. என் பீரோவில் பிள்ளைகளுடைய மார்க் ஷீட்டுக்குக் கீழே இன்னும் எட்டு இருக்கிறது. அதில் இரண்டை அவரவர் வந்து கேட்டு, பார்த்துவிட்டு, திரும்பவும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள்.